குறுக்குவிசைகளும் நம் மக்களின் பெயர்களும்

(பாலவாக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இந்தத் தடவை 'கம்ப்யூட்டர்ல குறுக்குவிசை அடிக்கிறதப் பத்திப் பேசு, அதுவும் அந்தப் பாதுகாப்பான சிஸ்டத்துல எப்படி அடிக்கிறதுன்னு பேசு' என்று தோழர்கள் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. விடுதலை பேசுகிற மேடையில் கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட் என்று பேசுவதா என்று ஒருவர் கேட்டார். பேசத்தான் வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பாலவாக்கத்துக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலை, வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். அந்தக் கட்டடங்களுக்குக் கல் மண் சுமந்ததும் இன்றைக்குக் கூட்டிப் பெருக்குவதும் காவல் நிற்பதும் நம்ம ஜனங்கள். உள்ளே மேஜைமேல் இருக்கிற விசைப்பலகை மட்டும் நமக்கு ரொம்பத் தாமதமாகத்தான் கைக்கு வந்தது.

இதை என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் வங்கியில் கிளார்க். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கவுன்டரில் நான் மெதுவாகத்தான் அடிப்பேன். மவுசைத் தேடி, அம்பை நகர்த்தி, கட்டத்தைச் சொடுக்கி, எண்ணை அடித்து, மறுபடி மவுசைத் தேடி. எதிரே முதியோர் பென்ஷன் வாங்க வந்த ஆயாக்கள் வரிசை. பின்னால் ஒரு சக ஊழியர், என் காதில் விழணும் என்றே, 'கோட்டாவுல வந்தா இப்படித்தான்' என்றார். என்னுடைய வேகம் என் சாதியின் வேகமாகிவிட்டது. அவருக்குப் பத்தாவது படிக்கும்போதே டைப்ரைட்டிங் கிளாஸ். லோயர் முடித்து ஹையரும் முடித்தவர். நான் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டது கல்லூரிக்கு வந்த பிறகு. இந்த வித்தியாசத்துக்கு அவர் வைத்த பெயர் 'தகுதி'.

அப்புறம் ஒரு வயதான கேஷியர் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். 'தம்பி, மவுச எடுத்து அந்தப் பக்கம் வை. டேப்ல போ, என்டர்ல முடி, எஃப் கீ எதுக்கெதுக்குன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டிக்க'. மூன்று வாரத்தில் என் விரல்கள் மாறின. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. 'நாங்களும் வேகமானவர்கள்' என்று நிரூபிப்பது நம் வேலையும் இல்லை. வேகம் தகுதி இல்லை, பழக்கம். பழக்கம் வேண்டுமென்றால் கருவியும் நேரமும் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டும் யாருக்குக் கிடைத்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்பதுதான் இதில் அரசியல்.

அந்தக் கவுன்டரில் இன்னொன்றும் கற்றேன், இன்றைய பேச்சுக்கு அதுதான் முக்கியம். வங்கியில் எழுந்து போகும்போது திரையைப் பூட்டணும் என்பது விதி. மவுசைப் பிடித்து மெனுவுக்குப் போய்ப் பூட்டணும் என்றால் எவரும் பூட்டுவதில்லை. விண்டோஸ் விசையோடு எல் என்று ஒரே தட்டில் பூட்டலாம் என்று தெரிந்தவர்கள் டீ குடிக்கப் போகும்போதும் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பாதுகாப்பு மெதுவாக இருந்தால் மனிதர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். விரலுக்குப் பழகிய பாதுகாப்புதான் நிற்கும்.

இனி என்னுடைய தப்பைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால், சென்னைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மயானப் பாதைப் பிரச்சினை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் இறங்கித்தான் போகணும், பொதுப்பாதையில் விடமாட்டேன் என்கிறார்கள். பதினோரு பேர் பெயர், வீட்டு விலாசம், கையெழுத்தோடு மனு தயாரித்தோம். நானேதான் தட்டச்சு செய்தேன். எங்கே? சாலையோரத்து டிடிபி கடையில். பெயர்ப் பட்டியலை அந்த மிஷினிலேயே இறக்கி, திருத்தி, பிரிண்ட் எடுத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடி வந்துவிட்டேன். கோப்பு அங்கேயே திரையில் கிடந்தது. மனு அதிகாரியின் மேஜைக்குப் போவதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, பட்டியல் எதிர்த்தரப்பின் கையில். பட்டியலில் மூன்றாவது பெயர் ஓர் அக்கா. மறுநாள் காலை அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு வீடுகளிலும் 'இனிமே வராதே' என்று சொல்லிவிட்டார்கள். மளிகைக் கடையில் கடன் நின்றது. பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சரி. ஆனால் அன்று ராத்திரி உலை வைக்க அரிசியை அந்தத் திருத்தம் கொண்டுவந்து கொடுக்காது.

நான் போய் அந்த அக்கா முன்னால் தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. 'பேர எழுதுனது தப்பில்லப்பா. எழுதுன எடத்துலயே வுட்டுட்டு வந்தியே, அதான்' என்றார். அந்த வார்த்தை இன்னமும் உள்ளே கிடக்கிறது. இயக்கம் பற்றியும் அதிகாரம் பற்றியும் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு கோப்பை மூடத் தெரியவில்லை.

இது சின்னச் சம்பவம். பெரிய சம்பவம் உங்களுக்குத் தெரியும்: பீமா கோரேகான். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றவர்களில் மகர் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதற்காக நம் மக்கள் வருஷாவருஷம் கூடுகிற இடம். 200ஆம் ஆண்டான 2018 ஜனவரி 1 அன்று கூடியவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆனால் அந்த ஜூனிலிருந்து உள்ளே போனவர்கள் யார்? முதல்நாள் புனேயில் எல்கார் பரிஷத் கூட்டியவர்கள், அவர்களோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங். 'வித்ரோஹி' என்று மராத்தியில் நம்மைப்போலவே சிறுபத்திரிகை நடத்திய சுதிர் தவாலே. 2020இல் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் அன்றே, ஆனந்த் தெல்தும்ப்டே சரணடைய வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி. கை நடுக்கத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட்டவர். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, 84ஆவது வயதில் காவலிலேயே இறந்துபோனார்.

இவர்களுக்கு எதிரான முக்கியச் சாட்சியம் என்ன? கம்ப்யூட்டரில் கிடந்த கடிதங்கள். அந்த வன்தட்டுகளின் நகலை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் பிரதிவாதிகளுக்காக ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான அதன் முதல் அறிக்கை என்ன சொல்கிறது? 2016 ஜூன் 13 அன்று, தெரிந்தவர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து ரோனா வில்சனுக்கு ஓர் இணைப்பு வருகிறது. திறக்கிறார். நெட்வயர் என்ற வேவு நிரல் உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. 22 மாதங்கள் அந்த லேப்டாப் யாரோ ஒருவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்புறையில் கடிதங்கள் வைக்கப்படுகின்றன. அவற்றை அவர் திறந்து பார்த்ததற்கே தடயம் இல்லை. இன்னொன்று பாருங்கள்: அந்தக் கடிதங்கள் வேர்டு 2010 அல்லது 2013 பதிப்பில் செய்யப்பட்டவை; அவர் லேப்டாப்பில் இருந்ததோ வேர்டு 2007. பின்னால் வந்த அறிக்கைகள் காட்லிங்கின் கம்ப்யூட்டரைப் பற்றியும், 2022 டிசம்பரில் ஸ்டேன் சுவாமியின் கம்ப்யூட்டரைப் பற்றியும் இதே கதையைச் சொல்கின்றன. சுவாமியிடம் 44 ஆவணங்கள். புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. வைத்தது யார் என்று அறிக்கையும் பெயர் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் ரோனா வில்சனுக்கும் தவாலேவுக்கும் பம்பாய் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது ஆறரை வருஷம் ஓடியிருந்தது. அன்றுவரை குற்றச்சாட்டுகூட வனையப்படவில்லை.

ஒரு காலத்தில் வீடு புகுந்து புத்தகத்தை எடுத்துப்போனார்கள். இப்போது புத்தகத்தைக் கொண்டுவந்தே வைத்துவிட்டுப் போகலாம்.

சரி, என்ன செய்வது? கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தபோது அச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் அதற்கும் முன்னால் 1893இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். அந்தந்தக் காலத்துக் கருவியை அவர்கள் கைப்பற்றினார்கள். நாமும் கைப்பற்ற வேண்டியதுதான்.

இதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயங்குதளம் இருக்கிறது: க்யூப்ஸ். இலவசம், மூல நிரல் திறந்தது, நம் நாட்டில் பயன்படுத்தத் தடை ஏதும் கிடையாது. இதைத் தொடங்கியவர் போலந்து நாட்டுப் பெண் யோவானா ருட்கோவ்ஸ்கா. 2006இல், ஓடிக்கொண்டிருக்கிற ஓர் இயங்குதளத்தை அதற்கே தெரியாமல் ஒரு மெய்நிகர் கூண்டுக்குள் அடைத்துவிடலாம் என்று செய்து காட்டி உலகத்தைப் பயமுறுத்தியவர். பிறகு அதே வித்தையைத் திருப்பிப் போட்டார். அடைக்கத் தெரிந்தவர் பாதுகாக்கவும் அதையே பயன்படுத்தினார். 2012 செப்டம்பரில் க்யூப்ஸின் முதல் பதிப்பு வந்தது.

அதன் அடிப்படை எளிது. சாதாரணக் கம்ப்யூட்டர் ஒரே ஹால் உள்ள வீடு. முன்வாசல் வழியா ஒருத்தன் புகுந்தால் அடுப்படியிலும் அவன்தான், பெட்டியடியிலும் அவன்தான். க்யூப்ஸ் அதே ஒரு கம்ப்யூட்டரைப் பல அறைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வோர் அறையும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி. இணையத்தில் அலைய ஓர் அறை, இயக்க வேலைக்கு ஓர் அறை, சொந்த விஷயத்துக்கு ஓர் அறை. பெயர்ப் பட்டியல், கடவுச்சொல் வைக்க இணையமே இல்லாத பெட்டக அறை. வந்த இணைப்பைத் திறக்க, பயன்படுத்தித் தூக்கியெறிகிற அறை. சன்னலை மூடினால் அறையே மறைந்துபோகும். ரோனா வில்சனுக்கு வந்த மாதிரி ஓர் இணைப்பை அப்படிப்பட்ட அறையில் திறந்திருந்தால், வேவு நிரல் அந்த அறையோடு செத்திருக்க வாய்ப்பு அதிகம். சத்தியம் பண்ண மாட்டேன், எந்தப் பூட்டுக்கும் சாவி செய்வான். ஆனால் 22 மாதம் உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்திருக்காது.

ஒவ்வோர் அறையின் சன்னலுக்கும் ஒரு வண்ணக் கரை உண்டு. எந்த அறைக்கு எந்த நிறம் என்று நாமே வைக்கலாம். அறைக்குள் இருக்கிற எந்த நிரலும் அந்தக் கரையின் நிறத்தை மாற்றிப் பொய் சொல்ல முடியாது. ஏனென்றால் கரையை வரைவது எல்லாவற்றையும் மேற்பார்க்கிற, இணையமே இல்லாத, டாம்-ஜீரோ என்கிற அடித்தளம். இயக்க வேலைக்கு நான் நீலம் வைத்திருக்கிறேன். ஏன் என்று இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் வைத்துக்கொள்ளவில்லை? மெதுவாக இருக்கிறது, அதனால்தான். ஓர் அறை திறக்கவே சில வினாடி பிடிக்கும். ஓர் அறையில் நகலெடுத்ததை இன்னோர் அறையில் ஒட்ட முடியாது. மெனுவுக்குள் மெனு. முதல் வாரம் நானே சலித்துப்போய், 'இந்த ஒரு தடவைதானே' என்று பட்டியலை இணைய அறையில் திறந்திருக்கிறேன். டிடிபி கடையில் பஸ்ஸுக்கு ஓடினவனும் இவன்தான். அவசரம்தான் நம் முதல் எதிரி. அதனால்தான் குறுக்குவிசை. இது சொகுசுக்கு இல்லை. அவசரத்திலும் சரியான வாசல் வழியாகவே போக விரல் பழகணும் என்பதற்காக.

இனி விசைகள். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அறைவிட்டு அறை நகலெடுப்பது. இது நான்கு தட்டு. ஓர் அறையில் எழுத்தைத் தேர்ந்து கன்ட்ரோல் + சி. இது அந்த அறைக்குள் மட்டும். பிறகு கன்ட்ரோல் + ஷிப்ட் + சி. இப்போது அது பொதுப் பலகைக்கு வருகிறது. எந்த அறைக்குப் போகணுமோ அந்தச் சன்னலுக்குப் போய் கன்ட்ரோல் + ஷிப்ட் + வி. அந்த அறைக்குள் இறங்குகிறது. பொதுப் பலகை உடனே துடைக்கப்படுகிறது. கடைசியாகக் கன்ட்ரோல் + வி. வங்கியில் ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் அங்கீகரிப்பது மாதிரிதான் இது. நான்கு தட்டா என்று மலைக்காதீர்கள்; நாலே நாளில் ஒரே மூச்சாக வந்துவிடும். டெர்மினலில் கன்ட்ரோல் + ஷிப்ட் + சி-க்கு வேறு அர்த்தம் உண்டு. இடித்துக்கொண்டால், பொது அமைப்புகளில் கிளிப்போர்டு பகுதிக்குப் போய் விண்டோஸ் விசைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு விதி மட்டும் மறக்காதீர்கள்: சந்தேக அறையிலிருந்து பெட்டக அறைக்கு எதையும் ஒட்டாதீர்கள். பெட்டகத்திலிருந்து வெளியே எடுக்கலாம், குப்பையை உள்ளே கொட்டக் கூடாது.

இரண்டாவது, தேடித் திறப்பது. ஆல்ட் + எஃப்3 அடித்தால் தேடுகிற கட்டம் வரும். அறையின் பெயரில் இரண்டு மூன்று எழுத்து, செயலியின் பெயரில் இரண்டு எழுத்து, என்டர். மெனுவுக்குள் மெனு இறங்க வேண்டாம். அறைகளுக்குப் பெயர் வைக்கும்போதே முதலெழுத்து வேறுவேறாக வையுங்கள்.

மூன்றாவது, சொந்தக் குறுக்குவிசை. அமைப்புகளில் விசைப்பலகை என்ற பகுதியில் செயலிக் குறுக்குவிசைகள் என்று ஒரு பக்கம் உண்டு. மெனுவில் ஒரு செயலி எந்தக் கட்டளையால் திறக்கிறதோ அதையே அங்கே சேர்த்து, பிடித்த விசையைக் கொடுக்கலாம். நான் விண்டோஸ் + 1 இயக்க அறையின் எழுதும் செயலிக்கு, விண்டோஸ் + 2 பெட்டகத்துக்கு, விண்டோஸ் + 0 தூக்கியெறியும் அறையின் உலாவிக்கு என்று வைத்திருக்கிறேன். தெரியாத தளத்துக்குப் போகணும் என்றால் என் விரல் தானாகச் சைபருக்குப் போகிறது. யோசித்துப் போவதைவிட யோசிக்காமல் போவது இங்கே நல்லது.

நான்காவது, இணைப்புகள். கோப்பின்மேல் நின்று ஷிப்ட் + எஃப்10 அடித்தால் வலச்சொடுக்கு மெனு வரும். அதில் 'தூக்கியெறியும் அறையில் பார்' என்ற வரி இருக்கும். அம்புக்குறியால் இறங்கி என்டர். எந்தத் தோழர் அனுப்பினாலும், நான் அனுப்பினாலும், முதலில் அங்கேதான்.

ஐந்தாவது, இடம் மாறுவது. கன்ட்ரோல் + எஃப்1, எஃப்2, எஃப்3 என்று பணித்தளங்களை மாற்றலாம். ஒரு தளத்தில் இயக்க வேலை, ஒன்றில் இணையம், ஒன்றில் சொந்தக் கணக்கு. சன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று குவியாமல் இருந்தாலே பாதித் தப்பு குறையும். சன்னல் தாவ ஆல்ட் + டேப். தாவினதும் கரையின் நிறத்தைப் பார்த்த பிறகே அடியுங்கள். கண்ணுக்குத் தரவேண்டிய ஒரே பயிற்சி அதுதான்.

ஆறாவது, பூட்டு. கன்ட்ரோல் + ஆல்ட் + எல். தண்ணி குடிக்க எழுந்தாலும் அடியுங்கள். ஆனால் ராத்திரியிலும் பயணத்திலும் பூட்டினால் போதாது, முழுசாக அணைக்கணும். நிறுவும்போதே க்யூப்ஸ் வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிடுகிறது. ஆனால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிற வரை அந்தப் பெட்டி திறந்த பெட்டிதான்.

தமிழில் அடிக்க அறைகளின் வார்ப்புருவில் ஐபஸ் சேர்த்துத் தமிழ்99 வைத்துக்கொள்ளலாம். இடதுகையில் உயிர், வலதுகையில் மெய். அமைக்க ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளுக்குப் பிறகு நம் மொழியிலேயே நம் மனு.

போன மாதம் இதை ஒரு தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சோழிங்கநல்லூர் பக்கம் வேலை பார்க்கிறவன், கூர்மையான பையன். முழுசாகக் கேட்டுவிட்டு, 'அண்ணே, இது ஊர்-சேரி இல்லையா? நம்பத்தக்கது, நம்பத்தகாதது, தொடக்கூடாதது, சிவப்புக் கரை... நம்மளப் பிரிச்ச மாதிரியே பிரிச்சு வெச்சிருக்கான். நீங்க போய் இத நல்லதுன்றீங்க' என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பதில் வரவில்லை. 'தீட்டு' என்ற சொல்லாடலைக் கட்டுடைப்பதாகப் பத்து வருஷமாகப் பேசிவருகிற நான், சிவப்புக் கரை போட்ட சன்னலை விரல் படாமல் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஏற்காதவர்கள் பிறகு பேசலாம்.

ஊர் சேரியைப் பிரிப்பது பிறப்பை வைத்து. அந்தக் கோட்டை அழிக்க அதற்குள் அடைக்கப்பட்டவனுக்கு உரிமை இல்லை. கோட்டைத் தாண்டுவது குற்றம். தாண்டினவன் உயிர் போகும். பிரிப்பதன் பலன் பிரித்தவனுக்கு. க்யூப்ஸில் பிரிக்கப்படுவது மனிதன் இல்லை, கோப்பும் நிரலும். எந்த அறையும் பிறவியில் சிவப்பு இல்லை. இன்றைக்குச் சிவப்பு வைத்ததை நாளை மாற்றலாம், அறையையே அழித்துப் புதிதாகக் கட்டலாம். கோட்டைப் போட்டதும் நாம், தாண்ட வைப்பதும் நம் விரல். நம்மைக் கேட்காமல் எதுவும் தாண்டக் கூடாது என்பதுதான் அந்த நான்கு தட்டின் பொருள். சுவர் எழுப்புவது யார், சாவி யார் கையில், எந்தப் பக்கத்தவன் பயந்து எழுப்புகிறான் என்று கேட்டால்தான் எந்தச் சுவரின் அரசியலும் புரியும். தீண்டாமைச் சுவரும் சுவர்தான், குடிசைக்கு வைத்த கதவும் சுவரின் ஒரு பகுதிதான். ஒன்றை இடிக்கிறோம், இன்னொன்றுக்குத் தாழ்ப்பாள் கேட்கிறோம். இரண்டும் ஒன்றில்லை.

இருந்தாலும் அந்தத் தம்பியின் கேள்வியை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. சந்தேகம் பழக்கமானால் அது மனிதர்கள் மீதும் பாயும். கோப்பைச் சந்தேகிக்கப் பழகியவன் தோழனைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் இயக்கம் செத்துப்போகும். அதனால்தான் 'யார் அனுப்பினாலும்' என்கிறேன். நான் அனுப்பியதையும் தூக்கியெறியும் அறையில்தான் திறக்கணும் என்றால், அது யாருக்கும் அவமானம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி.

இன்னொரு கேள்வியும் வரும். 'நாம என்ன ரகசிய இயக்கமா? 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத்தில் பட்டப்பகலில் எல்லோர் கண் முன்னாலும் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்கவில்லையா?' உண்மை. நம் அரசியல் பகிரங்கமானது, மறைக்க ஒன்றுமில்லை. என் கருத்தை, என் பெயரை, என் கவிதையை நான் வெளியே வைப்பேன். ஆனால் அந்த அக்காவின் பெயர் என்னுடையதில்லை. அதை எப்போது, எங்கே, யார் முன்னால் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். மகாத்தில் குளத்தில் இறங்கியவர்கள் தாங்களே முடிவு செய்து இறங்கினார்கள். எவனோ பட்டியலைத் திருடிக்கொண்டுபோய் அவர்களை இறக்கவில்லை. பகிரங்கமாவது நம் உரிமை, காட்டிக்கொடுக்கப்படுவது வேறு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு வலுவான மிஷின் வேண்டும்; 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது, 6 ஜிபிக்குக் கீழே ஓடாது. எல்லா லேப்டாப்பிலும் ஏறாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், க்யூப்ஸ் தளத்தில் இருக்கிற பொருந்தும் மிஷின்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். தலைக்கு ஒன்று வாங்க முடியாது. நாலு பேர் சேர்ந்து ஒன்று வைத்தால் போதும், மனு தயாரிக்க. அதுவும் முடியாதவர்களுக்கு டெய்ல்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பென்டிரைவிலேயே ஓடும், பிடுங்கினால் மிஷின் அணைந்துவிடும், நாமாக வைக்கச் சொன்னதைத் தவிர எதையும் மிச்சம் வைக்காது. அன்றைக்கு அந்தக் கடையில் என் கையில் அது இருந்திருந்தால், கடைக்காரரும் அனுமதித்திருந்தால்... சரி, விடுங்கள்.

க்யூப்ஸ் உங்கள் கைபேசியைக் காப்பாற்றாது. 2019இல் வாட்ஸப் வழியாகப் பெகாசஸ் வேவு நிரல் புகுந்தபோது எச்சரிக்கப்பட்டவர்களில் தெல்தும்ப்டேயும் ஒருவர். கம்ப்யூட்டரில் நாலு பூட்டுப் போட்டுவிட்டு, அதே பட்டியலைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீண்.

மிஷினையே எடுத்துப்போனால்? அப்போது விசை இல்லை, சட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதைக் கேளுங்கள். வன்தட்டின் ஹாஷ் மதிப்பை அந்த இடத்திலேயே குறித்துக்கொடுக்கச் சொல்லுங்கள். அது வன்தட்டின் கைரேகை. பிறகு ஓர் எழுத்து சேர்ந்தாலும் குறைந்தாலும் ரேகை மாறிவிடும். கொடுக்க மறுத்தால், மறுத்ததைச் சாட்சிகள் முன்னால் எழுதி வாங்குங்கள், வழக்கறிஞருக்குச் சொல்லுங்கள்.

அந்த மயானப் பாதை வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாரம் புது மனு ஒன்று தயாரிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை மிஷினை எடுத்துக்கொண்டு நானே கிராமத்துக்குப் போனேன். அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். எந்தப் பெயரை எங்கே எழுதுகிறேன், எந்த அறையில் வைக்கிறேன், எப்படி மூடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பூட்டுகிற மூன்று விசைகளையும் அவரையே அழுத்தச் சொன்னேன். திரை கறுத்தது. 'இப்ப யாராலயும் தொறக்க முடியாதா?' என்றார். 'சுலபத்துல முடியாதுக்கா' என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'சரி, என் பேர மொதல்ல போடு' என்றார்.

அடுத்த ஞாயிறு இதே இடத்தில் மிஷின் இருக்கும். நாலு நாலு பேராக உட்கார்ந்து பழகலாம். பெண் தோழர்கள் முதல் வரிசையில் வாங்க. துண்டுச் சீட்டும் பேனாவும் கொண்டுவாங்க.

ஜெய் பீம்.